வானத்தில் ஒரு படுக்கை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே குமாஸ்தாவுக்கு விமானத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று எண்ணுவீர்கள். சென்ற ஆண்டு என் தம்பி எங்கள் அன்னையாரை விமானத்தின் உயர் வகுப்பில் இலண்டனுக்கு அழைத்துக்கொண்டான். அதுவே என் உரிமை.

1948 ஜூன் 8-இல் ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்டது. இன்று இடையில் இறங்காமலே செல்கின்றனர். 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வணிக வகுப்பிலும் முழுதாக விரியும் படுக்கையை அமைத்தது. கட்டணமோ பன்மடங்கு! ஆயினும், முன்னிருப்போர்க்கும் பின்னிருப்போர்க்கும் காற்று ஒன்றே. 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலைக்காற்றின் அழுத்தமே உள்ளே நிலவும். ஏறக்குறைய நம் உதகையைப் போல. ஈரப்பதமும் எல்லோர்க்கும் குறைவே. ஆகவே, பெரும்பாலும் விலைபோவது கால் நீட்டும் இடந்தான்.

திரும்பிவந்த அன்னையார், “நான் சுகமாகத் தூங்கினேன். பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி இரவெல்லாம் உட்கார்ந்தே வந்தாளாம், இறங்கும்போது சொன்னாள். உங்கள் இரயிலில் ஏழைக்கும் படுக்கை உண்டே!” என்றார்.

நான் மறுமொழி கூறவில்லை. பொதுப் பெட்டியின் கதவருகே நின்றபடியே ஊர் செல்லும் தொழிலாளரை நாள்தோறும் காண்பவன் நான். அவர்களும் கால் நீட்டிப் பயணம் செய்யும் நாளே நாம் உயர்ந்த நாள்.