வாடைக் காலமும் தேத்தண்ணியும்



1977இலும் 1983இலும் கலவரத்துக்குத் தப்பி மலையிலிருந்து இந்தத் திருகோணமலைப் பக்கம் வந்தவர்களும் நம்மில் உண்டு. லயத்தை விட்டாலும் ரொட்டியும் தேத்தண்ணியும் நம்மை விடவில்லை.

ஐப்பசியில் வாடை தொடங்கினால் வீட்டுக்கு வீடு இருமல். கொத்தமல்லி, இஞ்சி அவித்துக் குடிக்கிறோம். தொண்டைக்கு இதம்தான். ஆனால் இரத்தம் குறைந்த உடம்பு நோயை எதிர்த்து நிற்காது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. நாம் பறித்த கொழுந்தே நமக்கு இதைச் செய்கிறது, என்ன சொல்ல! ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம். முருங்கைக்கீரையில் தேசிக்காய் பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும். மலையில் கருவாடுதான்; இங்கே சூடை மீன் கிடைக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் திரிபோஷவை வீடே பங்கு போடுகிறது. குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கூலி காணாத வீடு அது.

இந்த மழையோடு டெங்கும் வரும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரின் வேண்டாம். இரண்டு நாளில் விடாவிட்டால் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்க வேண்டும். போனால் நாட்கூலி போகும் என்பது நமக்கும் தெரியும். காய்ச்சல் நாளுக்கும் சம்பளம் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.