பெயரில் நிற்கும் தீவு



சிங்கப்பூரில் விருந்தினர்க்கு முதலிற் காட்டப்பெறும் உணவு ஹைனான் கோழிச்சோறு. ஹைனான் என்பது சீனத்தின் தென்கோடித் தீவு. அங்கே புகழ்பெற்றது வென்சாங் கோழி. சிங்கப்பூரில் விளங்கும் உணவோ அதன் வழித்தோன்றல். புலம்பெயர்ந்தோர் கைகளில் உருப்பெற்றது.

ஹைனான் மக்கள் காலந்தாழ்ந்து வந்தவர்கள். ஹொக்கியன், தியோசூ, காண்டனீஸ் மக்கள் முன்னரே வந்து வணிகத்தைத் தமதாக்கிக்கொண்டிருந்தனர். ஆகவே ஆங்கிலேயர் இல்லங்களிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையற்காரராய், ஏவலராய் அமர்ந்தனர். மிடில் சாலை, பர்விஸ் தெரு, சியா தெரு ஆகியவற்றை முறையே ஹைனான் முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு எனத் தம் வழக்கில் அழைத்தனர். அங்கேதான் வாங் யி யுவான் என்பார் வாழையிலையில் பொதிந்த சோற்றுருண்டைகளையும் கோழியையும் கூடையிற் சுமந்து விற்றார் என்பர். அவரிடம் தொழில் பயின்ற மோ லீ துவீ 1940களில் தொடங்கிய 'சுவீ கீ' கடை 1997இல் மூடப்பட்டது.

செய்முறை ஏழையின் சிக்கனத்தில் பிறந்தது. முழுக்கோழியைக் கொதி அடங்கிய நீரில் மெல்ல வேகவைத்துக் குளிர்நீரில் அமிழ்த்துவர். தோல் வழுவழுப்பாக இறுகும். கோழிக் கொழுப்பை உருக்கி, அதில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, அரிசியைப் புரட்டி, கோழி வெந்த நீரையே உலைநீராக்குவர். மலாய் அடுக்களையின் பாண்டான் இலை மணம் சேர்க்கும். எஞ்சிய நீர் சூப்பாகும். எதுவும் வீணாவதில்லை. சுவைஞர் பலர் கோழியைப் புகழ்வர். கடையின் தரத்தைச் சொல்வது சோறே.

இவ்வுணவைப் படைத்தவர்களின் பேச்சு என்னவாயிற்று? 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிற்று. பிற சீன வழக்குகள் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. வட்டார வழக்கு என்று பெயரிட்டாலும், மாண்டரின் மட்டும் அறிந்தவர்க்கு ஹைனான் பேச்சு விளங்காது. பாட்டியின் பேச்சுக்குப் பெயரர் மறுமொழி கூற இயலாத இல்லங்கள் பெருகின. இன்று கடைப்பலகையில் ஹைனான் நிற்கிறது. கடைக்குள் ஒலிப்பவை மாண்டரினும் ஆங்கிலமும்.

2022 ஜூன் திங்களில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, கோழிச்சோற்றின் கதி யாதாகுமோ என அயல்நாட்டு இதழ்களும் எழுதின. அவ்வாண்டு அக்டோபரில் தடை நீங்கிற்று, கோழி திரும்பிவந்தது.

தமிழின் நிலை வேறு. அது ஆட்சிமொழி நான்கனுள் ஒன்று, பள்ளியில் பயிற்றப்பெறுவது. எனினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்தும் அதற்கு மேலும் அகவையுடைய குடியிருப்போருள் இல்லத்தில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். தேக்கா உணவகங்களில் தோசை என்னும் சொல்லுக்குக் குறைவில்லை. அதனைக் கேட்டுவாங்கும் இளையோர் சிலரின் தொடரில் தமிழாக நிற்பது அவ்வொரு சொல்லே.