வேம்பின் உரிமை யாருக்கு?

(வைகை அணையை அடுத்து நடந்த உழவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1959-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற இவ் வைகை அணைக்குத் தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கின்றது. முல்லைப் பெரியாற்று நீர் அங்கே இருபோக நெல்லாக விளைகின்றது. வாழையாகவும் கொடிமுந்திரியாகவும் காய்க்கின்றது. அப் பள்ளத்தாக்கில் பயிருக்குத் தெளிக்கப்பெறும் எதுவும் பயிரோடு நின்றுவிடுவதில்லை. மழை கழுவும், வாய்க்கால் சுமக்கும், ஆறு இவ்வணையில் கொண்டுவந்து சேர்க்கும். இவ்வணை நீரை மதுரை மாநகர் குடிக்கின்றது. ஆகவே, பயிர்நோய்க்கு எதைத் தெளிப்பது என்னும் வினா, வரப்புக்குள் அடங்கிவிடும் சிறு வினா அன்று.

பயிர்நோய்களுட் பெரும்பகுதி பூசணங்களால் வருவது. நெல்லில் வரும் இலையுறை அழுகலையே எடுத்துக்கொள்வோர் இதனை நன்கு உணர்வர். கதிர் பொதிக்குள் இருக்கும்போதே அதனைப் போர்த்திய உறை அழுகிவிடும். கதிர் முழுதும் வெளிவாராது. வந்த பகுதியும் பதராய் நிற்கும். உழுத உழைப்பும் விதைத்த விதையும் அறுவடைக்கு முன்னரே வீணாகும்.

இதற்கு வேம்பே மருந்தென்பது வெறும் பழம்பெருமைப் பேச்சன்று. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைகளுள் ஒன்று அது. நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பம்பருப்புச் சாறு, அல்லது நூற்றுக்கு மூன்று பங்கு வேப்பெண்ணெய், பொதிப் பருவத்தில் ஒருமுறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளித்தல் வேண்டும். வேலியோரம் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் இலைப்பொடியும், வைகையின் கடைமடை வரை நிலத்தை விழுங்கிவரும் சீமைக் கருவேலின் இலைப்பொடியும்கூட, எக்டேருக்கு 25 கிலோ அளவில் சாறாக்கித் தெளிக்கப் பரிந்துரைக்கப் பெற்றுள்ளன. பகையென்று வெட்டியெறியும் செடியே பயிருக்குத் துணையாகின்றது!

செய்முறையும் அரியதன்று. உலர்ந்த வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்து, 10 இலிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, 100 இலிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்து, இலையிற் படியும்பொருட்டுச் சிறிது வழலையும் கரைத்துக்கொண்டால் மருந்து ஆயிற்று. அதனை அன்றே தெளித்துவிடுதல் வேண்டும். மாலைப்போதே ஏற்றது, கடுவெயிலில் சாற்றின் ஆற்றல் விரைந்து குன்றும்.

ஆயினும் ஒன்று கூறியே ஆகவேண்டும். பற்று மிகுதியால் பொய்யுரைத்தல் தமிழ்த் தொண்டாகாது. இலைச்சாறு காக்குமேயன்றி, முற்றிய நோயை மீட்காது. மண்ணுக்குள் இருந்து வேர்வழி ஏறும் வாழை வாடல் நோய்க்கு இலைமேல் தெளிப்பு மருந்தாகாது. அடைமழைக் காலத்தில் கொடிமுந்திரியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு இலைச்சாற்றை மட்டும் நம்பியிருப்பதும் அறிவுடைமை ஆகாது.

இனி, வேம்பு வழக்கின் வரலாற்றைக் கேளுங்கள்! நீரொடு கலவாத வேப்பெண்ணெய்ச் சாற்றால் பயிர்ப் பூசணத்தைக் கட்டுப்படுத்தும் முறை தங்கள் புதுக்கண்டுபிடிப்பே என்று அமெரிக்க வேளாண்துறையும் கிரேசு என்னும் அமெரிக்க நிறுவனமும் உரிமை கோரின. 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அவ்வுரிமையை வழங்கியும் விட்டது. வீட்டு வாயிலில் நிற்கும் மரத்தின் பயனுக்கு வேற்று நாட்டில் பட்டயம்!

வந்தனா சிவா முதலியோர் 1995-இல் எதிர்வழக்காடினர். மராட்டியத்துத் தொழில்முனைவர் அபய் பட்கே, தாம் 1985, 1986 ஆண்டுகளிலேயே வேம்புச் சாற்றை வயல்களில் ஆய்ந்து பார்த்தமையைச் சான்றுடன் எடுத்துரைத்தார். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அக் காப்புரிமை நீக்கப்பெற்றது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. வழக்கு வென்றது மகிழ்ச்சியே. ஆனால் எதனால் வென்றது? 'எங்கள் பாட்டனார் அறிவார்' என்னும் பேச்சு மட்டும் போதவில்லை. நாளும் இடமும் காட்டும் சான்று தேவைப்பட்டது.

இதற்கு மறுதலையான வரலாறும் உண்டு. பிரான்சு நாட்டின் மெதோக்குப் பகுதி உழவர், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கும் பொருட்டு, சாலையோரக் கொடிகள்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வந்தனர். அக் கொடிகளில் அடிச்சாம்பல் நோய் தாக்காமையை 1882-இல் மில்லார்தே என்னும் அறிஞர் கண்டார். ஆய்ந்து 1885-இல் எழுதி வெளியிட்டார். இன்று உலகெங்கும், கம்பத்துக் கொடிமுந்திரித் தோட்டம் வரை, அக் கலவை போர்தோ என்னும் அவர்தம் நகரின் பெயராலேயே வழங்குகின்றது. உழவன் கண்டதை அறிஞன் தன் மொழியில் எழுதினான். ஊரின் பெயர் நிலைத்தது.

கம்பத்துப் பன்னீர்க் கொடிமுந்திரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயரைப் பழத்துக்குக் காத்தாயிற்று. ஊரின் அறிவை யார் காப்பது?

உழவர் பெருமக்களே! எந்தச் சாறு, எந்தப் பயிருக்கு, எந்த நாளில், எவ்வளவு தெளித்தீர்கள். தெளியாத பாத்தி எப்படி இருந்தது. இவற்றை ஒரு சுவடியில் எழுதுங்கள். தோற்றதையும் மறையாது எழுதுங்கள். படித்த இளைஞர்களே! எழுதத் தெரியாத முதியோரின் அருகமர்ந்து கேட்டு எழுதுங்கள்; தமிழில் எழுதுங்கள்; செடிக்கு அவ்வூர் வழங்கும் பெயரையே எழுதுங்கள். சொல் மறைந்தால் செடி வெறும் களையாகும். செடியின் பயன் அயலானின் பட்டயமாகும்.

வேம்பு எவர்க்கும் நிழல் தரும். அதன் அறிவை எழுதி வைத்தவர்க்கே அது சான்றும் தரும்!