ஆஸ்பத்திரிக்கு ஏன் பூட்டு?



2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான பி.ஜி.எம்.எல்.-இன் ஆஸ்பத்திரிக்கும் பூட்டு விழுந்தது. முன்பு சுரங்கத்தை நடத்திய வெள்ளைக்கார ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் பிறந்த ஆஸ்பத்திரி அது. 800 படுக்கை கொள்ளும். வெள்ளைக்காரன் கட்டினான், சுதந்திர இந்தியாவின் அரசு நிறுவனம் கைவிட்டது. இருபது வருஷம் அங்கே குடியிருந்தது தூசியும் குப்பையும்தான்.

2021-இல் கொரோனா இரண்டாவது அலை வந்தது. தன்னார்வலர்கள் துடைப்பத்தோடு உள்ளே போனார்கள். சில வாரங்களில் அதே கட்டடத்தில் படுக்கைகள் போட்டாகிவிட்டது! "பழைய கட்டடம், என்ன செய்வது?" என்று கைவிரிக்கும் அதிகாரிகள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சுரங்கத் தொழிலாளியின் நோய் மட்டும் அவசரம் இல்லையா? 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையைத் துளைத்தவன், தங்கத்தை மேலே அனுப்பிவிட்டுப் பாறைத் தூளை நெஞ்சில் சுமந்து வந்தான். 1940-க்கும் 1946-க்கும் இடையில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 44 பேருக்கு அந்தத் தூளால் வரும் சிலிகோசிஸ் நோய். மன்னராட்சி நடந்த மைசூர் சமஸ்தானமே 1940-இல் இந்த நோய்க்கு நஷ்டஈட்டு விதிகள் வகுத்தது. மன்னர் அரசுக்குத் தெரிந்த இருமல் மக்கள் அரசின் காதில் விழவில்லை!

இந்த நோய் வேலையோடு ஓய்வு பெறுவதில்லை. சுரங்கத்தை விட்டுப் பல வருஷம் கழித்தும் நுரையீரல் இறுகும். காசநோய் எளிதாகத் தொற்றும். கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எக்ஸ்ரே தேவைப்படும் காலத்தில்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தது.

இப்போது புதிய கதை. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண்ணாலான 13 சயனைட் மேடுகள், ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண்; அதில் மிச்சமுள்ள தங்கத்தைச் சலித்தெடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்துவிட்டது. சும்மா கிடக்கும்போதே காற்றடித்தால் அந்த மண் சோற்றுத் தட்டு வரை வருகிறது. தோண்டினால்?

மேட்டில் முதல் இயந்திரம் ஏறுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்ப் பிரிவு திறக்கட்டும். பழைய தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எக்ஸ்ரே எடுத்து, முடிவை அவர் கையில் எழுத்தாகக் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் எந்த லாரியும் தங்கவயல் மண்ணை ஏற்றக் கூடாது.