காவி என்னும் சொல்லும் அது காட்டும் நெறியும்

(கார்த்திகைத் திருநாளன்று ஜவ்வாது மலையில் உள்ள முருகன் திருக்கோயிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இத்திருக்கோயிலின் மதிற்சுவரில் வெண்மையும் செம்மையுமாக மாறி மாறி வரும் பட்டைகளைக் கண்டுகொண்டேதான் நாம் உள்ளே வந்தோம். வெண்மை சுண்ணாம்பு; செம்மை காவி. வெண்மை சிவம் என்றும் செம்மை சக்தி என்றும் பெரியோர் பொருள் கூறுவர். நாள்தோறும் காணும் அந்தக் காவியைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

காவி என்பது இன்று ஒரு நிறத்தின் பெயராகவே வழங்குகின்றது. ஆனால் அச்சொல் முதலில் குறித்தது மண்ணை. இரும்புச் சத்து நிறைந்த, கல்லாக இறுகிய செம்மண்ணை. காவிக்கல், காவிமண் என்பன அதன் முழுப் பெயர்கள். சித்த மருத்துவ நூல்கள் அதனைப் பூங்காவி என்று போற்றும். பூங்காவிச் செந்தூரம் என்னும் மருந்து, குருதிப்பெருக்கைத் தடுக்க மருத்துவர்களால் தரப்படுவது. வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் காவியேறிய பல் என்கிறோம். பல முறை துவைத்துப் பழுப்பேறிய வேட்டியையும் காவியேறியது என்கிறோம். இலக்கியத்தில் காவி என்பது குவளை மலருக்கும் பெயராக வரும். அது வேறு பொருள். கன்னடத்திலும் மலையாளத்திலும் செம்மண்ணுக்கு இதே சொல் வழங்குவதால், இது தென்னாட்டு மொழிகளுக்குப் பொதுவான சொல் என்பது விளங்கும். கொங்கணக் கரையிலுள்ள பழைய கோயில்களில் சுண்ணாம்புச் சாந்தின்மேல் இச்செம்மண்ணைப் பூசிக் கீறி எடுக்கும் ஓவியங்களும் காவிக் கலை என்றே பெயர் பெற்றுள்ளன.

இதற்கு முன்பு நம் முன்னோர் வழங்கிய பெயர் யாது? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், முக்கோல் ஏந்திய அந்தணர் ஒருவரின் ஆடை 'கல்'லில் தோய்த்ததாகக் கூறப்படுகின்றது. அவ்விடத்தில் கல் என்பதற்குக் காவிக்கல் என்று உரை கண்டனர். கல் என்னும் பொதுச்சொல்லே ஆடைக்கு நிறமூட்டும் செங்கல்லுக்குச் சிறப்புப் பெயராயிற்று. பின்னர்த் துவர் என்னும் சொல்லும் வழங்கியது. திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகங்களில் பௌத்தத் துறவியர் துவராடை அணிந்தவராகக் குறிக்கப்படுகின்றனர். துவர் என்பதற்குச் செந்நிறம் என்றும் பொருள் உண்டு. துவர்ப்புச் சுவை என்றும் பொருள் உண்டு. வடமொழியில் கஷாயம் என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உள்ளமை எண்ணத்தக்கது. அதிலிருந்தே காஷாயம் என்னும் துறவாடைப் பெயர் வந்தது. இனிப்பை விடுத்துத் துவர்ப்பை ஏற்றவர் அணியும் ஆடை என்று நாம் அதற்கு நயம் கொள்ளலாம்.

வடமொழியில் காவிக்கல்லுக்குக் கைரிகம் என்று பெயர். கிரி என்றால் மலை. மலையில் பிறந்தது கைரிகம். மலையில் வாழும் உங்களுக்கு இது தனிப் பெருமை தருவதாகும். தொல்காப்பியம் மலைநிலத்துக்குரிய தெய்வமாகச் சேயோனைக் கூறுகின்றது. சேய் என்றால் செம்மை. குழந்தை என்றும் பொருள்படும். இந்த ஜவ்வாது மலையில் தோன்றி ஓடும் செய்யாற்றின் பழம்பெயர் சேயாறு என்பதாகும். மலைபடுகடாம் அப்பெயரால் அதனைக் குறிக்கின்றது. அன்னை பார்வதியின் பொருட்டு முருகப்பெருமான் வேல் விடுத்து வருவித்த ஆறு என்பது தலபுராணச் செய்தி. அருகில் விளங்கும் அண்ணாமலையோ அருணாசலம், செம்மலை என்று பெயர் கொண்டது. செம்மை இந்நாட்டு மண்ணிலும் ஆற்றிலும் மலையிலும் கடவுளிலும் கலந்து நிற்கின்றது.

அன்பர்களே! காவியின் இரு இயல்புகளை நாம் சிந்திக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையிலும் செத்தவரையிலும் பாறைகளில் பழங்கால மனிதர் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. காற்றையும் மழையையும் தாங்கி அவை இன்றும் நிற்கின்றன. ஆனால் அதே காவியை நீரில் கரைத்துத் துணியைத் தோய்த்தால் அது நிலைப்பதில்லை. துவைக்கத் துவைக்க வெளுக்கும். துறவி மீண்டும் கல்லை உரைத்து, மீண்டும் தோய்த்தே உடுத்த வேண்டும். பாறையில் நிற்கும் காவி ஆடையில் நில்லாதது ஏன்? பாறை அசையாதது, ஆடையோ நாள்தோறும் அழுக்கேறுவது. நம் மனமும் ஆடை போன்றதே. தைப்பூசத்துக்கு மாலையிட்டுக் காவி உடுத்துப் பழனிக்கு நடக்கும் அடியார், ஊர் திரும்பியதும் ஆடையை மடித்து வைத்து விடுகின்றார். அத்துடன் அந்நாட்களில் காத்த வாய்மையையும் பொறுமையையும் மடித்து வைத்துவிட்டால், உடுத்ததனால் பயன் யாது? விரதம் ஒருமுறை தோய்த்து முடிவதன்று. நாள்தோறும் தோய்க்க வேண்டுவது. காவி உடுத்தல் என்பது மண்ணை உடுத்தல் ஆகும். 'இவ்வுடலும் ஒருநாள் மண்ணே' என்று அறிந்து, செருக்கு நீங்கி நிற்பவருக்கே அது பொருந்தும்.

மற்றொரு விண்ணப்பமும் உண்டு. இன்று பல ஊர்களில் காவியும் சுண்ணாம்பும் நீங்கி, டப்பாவில் வரும் எண்ணெய்ச் சாயங்கள் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. ஆர்வ மிகுதியால் கருங்கல் தூண்களிலும் அடித்தளத்திலும்கூட அவற்றைப் பூசிவிடுகின்றனர். அங்கே முன்னோர் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. அந்தச் சாயத்தின் அடியில் எழுத்து மறைந்துவிடுகின்றது. காவிப்பட்டைக்கு உரிய இடம் சுண்ணாம்பு பூசிய மதில். எழுத்தும் சிற்பமும் உள்ள கல் அன்று. திருப்பணி செய்ய முன்வருவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வாறே பழைய பாறை ஓவியங்களின்மேல் தம் பெயரை எழுதும் இளைஞர்களுக்கும் பெற்றோர் எடுத்துரைக்க வேண்டும். ஆயிரமாயிரம் ஆண்டுகள் நின்றதை ஒரு நொடியில் அழிப்பது பெரும்பிழையாகும்.

தாய்மார்களே! வாசலை மெழுகி, அரிசிமாக் கோலமிட்டு, அதனைச் சுற்றிச் செம்மண் பட்டை தீட்டும் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். கோயில் மதிலில் உள்ள அதே வெண்மையும் செம்மையும்தான் உங்கள் வாசலிலும் விளங்குகின்றன. வீடும் கோயிலே என்பதற்கு அதுவே சான்றாகும். உங்கள் பெண்மக்களுக்கு அக்கோலத்தோடு காவி என்னும் சொல்லின் பொருளையும் கற்றுக் கொடுங்கள்.

மலைநிலத்துக்குரிய சேயோனாகிய முருகப்பெருமானின் திருவருள், நம் உள்ளங்களை நாள்தோறும் நல்லொழுக்கத்தில் தோய்த்தருள வேண்டும் என்று பிரார்த்தித்து அமைகின்றேன்.