குலுக்கி அளந்த படி



திருவதிகை என்றாலே எனக்கு முந்திரி வாசனைதான். பண்ருட்டிக்கு மூட்டை போகுமுன் எங்கள் ஆயா திண்ணையில் உட்கார்ந்து கொட்டைகளைப் படியால் அளப்பார். நிறைந்த படியை இரண்டு தட்டு தட்டுவார். கொட்டை ஒரு விரற்கடை இறங்கும். இன்னொரு கை அள்ளிப் போடுவார். "நிறைஞ்சிதானே இருந்துச்சு ஆயா?" என்பேன். "குலுக்குனாத்தான்டா இடம் தெரியும்" என்பார்.

என் ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் அந்தப் படிக்குள்தான் கழிந்தது. திரவத்தின் மூலக்கூறுகளைக் கோலிக்குண்டுகளாக எண்ணிக் கணக்குப் போடுவோம். கெட்டிக்கோள மாதிரி என்று பெயர். குண்டுகள் ஒன்றையொன்று இழுக்காது, ஒன்றுக்குள் ஒன்று புகாது. அவ்வளவுதான் விதி. தாறுமாறாகக் கொட்டிக் குலுக்கினால் பாத்திரத்தில் ஏறத்தாழ 64 சதவீதம் நிரம்பும். எலுமிச்சம்பழக் கடைக்காரர்போல் அடுக்கினால் 74. மீதி இடைவெளி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரும் மணல்மணிகளின் இடைவெளியில் இருப்பதுதான். அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும்.

மாணவனாக இருந்தபோது, "இழுப்பே இல்லாத குண்டுகள் உறையுமா ஐயா?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார் ஆசிரியர். விடை அதற்கு முன்பே கிடைத்திருந்தது. நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கிய அதே 1957இல், அமெரிக்காவில் ஆல்டர், வெயின்ரைட் என்ற இரு விஞ்ஞானிகள் கணினிக்குள் குண்டுகளை மோதவிட்டார்கள். குண்டுகள் உறைந்தன! 49.4 சதவீத இடம் அடைபட்டதும் உறையத் தொடங்கும், 54.5ஐத் தாண்டினால் முழுப் படிகம். ஏன்? நெரிசலில் முண்டியடித்து நின்றால் யாருக்கும் கையசைக்க இடமில்லை. வரிசையில் நின்றால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. குண்டுகளை ஒழுங்குபடுத்துவது அந்தக் கொஞ்சம் இடம்தான். ஐம்பது வயதைக் கடந்தும் இந்த முடிவு என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

சென்னையில் பிறந்த இயற்பியலாளர் டி.வி. ராமகிருஷ்ணன், யூசுஃப் என்பவருடன் சேர்ந்து 1979இல் உறைதலுக்கு ஒரு கோட்பாடு தந்தார். திரவத்தின் அமைப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது எப்போது படிகமாகும் என்று சொல்லும் கோட்பாடு. அந்தக் கட்டுரையைத் தாள் கிழியும்வரை படித்திருக்கிறேன்.

பட்டம் பெறும் செல்வங்களே, உங்களில் பலர் ஆசிரியராகப் போகிறீர்கள். பரீட்சைக்கு வராத கேள்வியோடு ஒரு பிள்ளை எழுந்து நின்றால், தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள்.