விழிக்க மறுக்கும் கணினி

கணினி என்னும் பொறி, மின்சாரம் பாய்ந்த முதற் கணத்தில் ஏதும் அறியாத நிலையிலே விழிக்கின்றது. முந்திய நாள் எழுதப்பட்ட கடிதமும், சேர்த்து வைத்த படங்களும் அதன் வன்தட்டில் இருந்தவாறே இருக்கின்றன. ஆயினும் அவை இருக்கின்றன என்னும் செய்தியே அதற்குத் தெரியாது. அந்த அறியாமையினின்றும் படிப்படியாகத் தெளிவு பெற்று, உடையவரின் பெயரைக் கேட்டு வாயில் திறக்கும் நிலையை எய்துவதற்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ செல்லும். நாள்தோறும் பழகியவர் அந்த அரை நிமிடத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் அது நடுவழியில் நின்றுவிடும்போதுதான், அதனுள்ளே எத்தனை கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பை ஒப்படைத்து வந்தன என்பது தெரியவரும்.

இவ்வாறு நின்றுவிடுதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது: பணிசெயல் முறைமையின் கருனி புதுப்பிக்கப்பட்ட மறுநாட் காலையில் கணினி எழாமற் போவது.

கருனி என்பது யாது? நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை முதலிய உறுப்புகளை நேரே ஆளும் உரிமை பெற்ற மென்பொருளே கருனியாகும். எழுத்துச் செயலி தட்டிலே ஓர் எழுத்தைப் பதிக்க வேண்டுமாயினும் கருனியிடம் வேண்டியே பெறுதல் வேண்டும். லினக்ஸ் என்னும் பெயர் உண்மையில் இத்தகைய கருனி ஒன்றுக்கே உரியது. உபுண்டு, டெபியன், பெடோரா என்பன அக்கருனியைச் சூழக் கட்டப்பட்ட மாளிகைகளின் பெயர்கள். 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் இருபத்தொரு வயதில், தாம் அதனை ஆக்கிவருவதாக அறிவித்தார். அதே மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரம் அற்று ஓராண்டைக் கடந்திருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அன்று ஹெல்சிங்கியில் முளைத்த கருனி, இன்று விலையின்றிக் கிடைப்பதாலும் பழைய பொறிகளிலும் ஓடுவதாலும், குடாநாட்டின் சிற்றூர்களிலும் ஓடக்கூடியதாயிற்று.

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகர் செல்லும் வீதியில், மானிப்பாயைக் கடந்ததும் வருவது சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையாராலும் சீரணி நாகபூசணி அம்மனாலும் பெயர் பெற்ற ஊர். இவ்வூரிலே தட்டச்சும் நிழற்பிரதியும் செய்து கொடுக்கும் சிறு கடை ஒன்றை நேயர் தம் மனத்திலே அமைத்துக்கொள்ளலாம். அக்கடையின் கணினியில் என்ன இருக்கும்? காணி உறுதிகளின் வருடிய படிகள் இருக்கும். பிறப்பு, விவாக அத்தாட்சிகள் இருக்கும். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிய படங்கள் இருக்கும். நாளைக்குப் பிரதேச செயலகத்திற் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் பாதி நிரப்பிய நிலையில் இருக்கும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். உறுதிகளை மடியிற் கட்டிக்கொண்டு சென்றோர் உளர். வீட்டிலே விட்டுச் சென்று, திரும்பி வந்து காணாதோரும் உளர். ஆதலால் ஒரு பத்திரத்தின் படி கணினியில் உண்டு என்பது இவ்வூரவர்க்குச் சிறு செய்தியாகாது.

மாலையிற் கடையை மூடுமுன் கணினி கேட்ட கேள்விக்கு உடன்பட்டுப் புதுப்பித்தலை நிகழ்த்திச் சென்றார் கடைக்காரர் என்க. காலையில் திரை கறுத்திருக்கின்றது; மூலக் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை எனப் பொருள்படும் ஆங்கில வரி ஒன்று வெள்ளெழுத்தில் நிற்கின்றது. இந்நிலையில் அண்டை அயலிலிருந்து வரும் முதல் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: தட்டை முழுவதும் துடைத்து, யாவற்றையும் புதிதாக நிறுவுக என்பது. பழுது பார்ப்போர்க்கு இது வாய்ப்பான வைத்தியம். எவ்வளவு நேரம் செல்லும் என்பது முன்கூட்டியே தெரியும். நோய் யாது என்று ஆராய வேண்டிய பணியும் இல்லை. பூட்டுத் திறக்கவில்லை என்பதற்காக வீட்டை இடித்துக் கட்டும் வைத்தியம் அது. அதிலே கணினி பிழைக்கும். உறுதிகளின் படிகளோ பிழைக்கமாட்டா.

உண்மையில் அந்தக் காலையில் அவை யாவும் தட்டிலே பத்திரமாகவே இருக்கின்றன. கணினி எழும் வழியை ஒருமுறை பின்தொடர்ந்து பார்ப்பவர் இதனை எளிதில் உணர்வர். மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது, பலகையிலேயே பதிக்கப்பட்ட நிலைபொருள். அது தட்டைத் தேடி, கிரப் என்னும் ஏற்றியைக் கண்டு, பொறுப்பை அதனிடம் விடுகின்றது. கிரப் இரண்டு பொருள்களை நினைவகத்திற்குக் கொண்டுவருகின்றது: ஒன்று கருனி, மற்றையது தொடக்க நினைவகப் பொதி எனத்தக்க ஒரு சிறு கோப்பு. இப்பொதி எதற்கு என்பதை விளங்கிக்கொண்டால் பாதித் துன்பம் தீரும். தட்டை வாசிப்பதற்குக் கருனிக்குச் சில இயக்கிகள் வேண்டும். அவ்வியக்கிகளோ தட்டினுள்ளே இருக்கின்றன. பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவன் நிலை அது. அந்தத் திறப்பின் மறுபடி ஒன்றை வெளியே கொண்டுவந்து கொடுப்பதே பொதியின் வேலை. புதிய கருனிக்குப் புதிய பொதி வேண்டும். அது ஆக்கப்படாமலோ அரைகுறையாகவோ போயிருப்பின், கருனி விழித்தெழுந்து, தட்டின் வாயிலில் திறப்பின்றி நிற்கும். கடைக்காரர் கண்ட வெள்ளெழுத்து வரியின் கருத்து பெரும்பாலும் இதுவே. உள்ளே இருப்பவை அழிந்தன என்று அது கூறவில்லை.

இனி மருந்து. உபுண்டு, டெபியன், பெடோரா முதலியன புதிய கருனியைப் பழையதன்மேல் எழுதுவதில்லை, அருகிலே வைக்கின்றன. (ஆர்ச் லினக்ஸ் போன்ற சில, பழையதன் இடத்திலேயே புதியதை வைத்துவிடும், அவற்றைக் கையாள்வோர் மாற்றுக் கருனி ஒன்றைத் தாமே நிறுவி வைத்தல் நன்று.) நேற்றுவரை பிழையின்றி ஓடிய கருனி இன்றும் தட்டிலே இருக்கின்றது, கிரப் அதனை மறைத்து வைத்திருக்கின்றதே அன்றி இழக்கவில்லை. மின்சாரத்தை இட்டவுடன், பழைய வகை நிலைபொருளாயின் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தலும், புதிய வகையாயின் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுதலும் உபுண்டுவில் வழக்கம். பலமுறை தட்டினால் பட்டியலுக்குப் பதிலாக வெறுங் கட்டளை வரி வந்து மிரட்டும். பட்டியலில் மேலதிகத் தெரிவுகள் எனும் வரிக்குட் சென்றால், கருனிகள் எண்ணோடு வரிசையாக நிற்கும். இரண்டாவதாக உள்ள பழைய எண்ணைத் தெரிவு செய்து நுழைவு விசையை அழுத்தினால், பெரும்பாலான வேளைகளில் கணினி ஒன்றும் நடவாதது போல எழுந்துவிடும்.

குடாநாட்டுக் கமக்காரர்க்கு இது புதிதான அறிவன்று. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது சிலர் கிணற்றடித் துலாவைக் கழற்றி விறகாக்கினர். சிலர் அது நின்றுவிட்டுப் போகட்டும் என விட்டுவைத்தனர். மண்ணெண்ணெய் கிட்டாத 1990களில் எந்தக் கிணற்றில் நீர் எளிதில் மேலே வந்திருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

2018 ஆம் ஆண்டு ஜனவரியில் இத்துலா உலகெங்கும் பயன்பட்டது. அம்மாதம் 3 ஆம் நாள், மெல்ற்டவுன், ஸ்பெக்டர் எனப் பெயரிடப்பட்ட குறைபாடுகள் கணினிகளின் மையச் செயலிகளிலேயே இருப்பதாக வெளிப்படுத்தப்பட்டது. வன்பொருளில் உள்ள குறையை மென்பொருளால் மூட வேண்டிய நெருக்கடி. இரண்டாம் வாரத்தில், உபுண்டு 16.04 பதிப்புக்கென 4.4.0-108 என்ற எண்ணுடைய கருனி வெளியிடப்பட்டது. அதனை ஏற்ற பலருடைய கணினிகள் எழவில்லை. அதனை ஆக்கியவர்கள் உலகின் தேர்ந்த பொறியியலாளர்கள். அவர்கள் கையிலும் இது நேர்ந்தது. ஓரிரு நாளிலேயே 4.4.0-109 வந்து குறையைத் தீர்த்தது. ஆனால் எழாத கணினி அந்த மருந்தை எப்படிப் பெறும்? பழைய கருனியால் எழுப்பினாலன்றோ வலையமைப்பை அடைந்து புதியதை வாங்கலாம்! பழையதை விட்டுவைத்தோர்க்கு அது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பொறுக்காது தட்டைத் துடைத்தவர்க்கு, இல்லாத ஒரு நோய்க்காகத் தம் கோப்புகளை இழந்த கணக்கு.

பழைய கருனியால் எழுந்த பின்னரே நோயை ஆராய்தல் முறை. முதலில் நோக்கத்தக்கது பூட் எனும் பகுதி. கருனியும் பொதியும் வாழும் அவ்விடம் சில கணினிகளிற் சிறு அறையாகத் தனியே பிரிக்கப்பட்டிருக்கும். பழைய கருனிகள் நான்கு, ஐந்து எனச் சேர்ந்து அவ்வறை நிரம்பினால், புதிய பொதி பாதியிலே முறிந்துவிடும். இரண்டு மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்குதல் வேண்டும். அதனையும் நிறுவல் முகாமையியைக் கொண்டே நீக்குதல் வேண்டும். கையால் அழிப்பவர், எழுந்து நிற்கும் கருனியையே அழித்துவிடுதல் கூடும். இடம் உண்டாக்கிய பின் பொதியை மீள ஆக்கி, கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்தால் புதிய கருனியும் எழும்.

மற்றொரு காரணம் இலங்கைக்கு நன்கு பழக்கமானது. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிற்று. புதுப்பித்தல் நடக்கும் நடுவில் மின்சாரம் நின்றால், பாதி நிறுவிய பொதிகளும், ஒழுங்கு குலைந்த கோப்பு முறைமையும் எஞ்சும். முன்னையதற்கு, விட்ட இடத்திலிருந்து நிறுவலைத் தொடருமாறு முகாமையிக்குக் கட்டளையிடலாம். பின்னையதற்குக் கோப்பு முறைமையைச் சோதித்துச் செப்பஞ் செய்யும் கருவி உண்டு. தடையில் மின்வழங்கி இல்லாத மேசைக் கணினியில், மழை இருட்டும் ஐப்பசி மாலையில் கருனியைப் புதுப்பிக்கத் தொடங்குதல் விவேகமாகாது.

கருனி எழுந்தும் திரை மட்டும் கறுத்திருப்பதும் உண்டு. என்விடியா போன்ற நிறுவனங்களின் திரை இயக்கி, ஒவ்வொரு புதிய கருனிக்கும் மீண்டும் பொருத்தப்பட வேண்டியது. அது பிழைத்தால் உள்ளே கணினி இயங்கிக்கொண்டிருக்கும், காட்ட வழியிராது. கிரப்பின் பட்டியலில் ஈ என்னும் ஆங்கில எழுத்து விசையை அழுத்தினால் தொடக்கக் கட்டளை திறக்கும். அதிலே குவைற், ஸ்பிளாஷ் என்னும் இரு சொற்களையும் நீக்கி, நோமோட்செட் என்பதைச் சேர்த்து, எஃப் 10 விசையால் எழுப்பினால், அழகிய படத்தின் பின்னே மறைந்திருந்த செய்திகள் வரிவரியாக வெளிப்படும். இறுதியில் எந்த வரியில் நின்றது என்பதைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்துக்கொள்வது மிகப் பயனுடையது. நோயாளியின் வாய்மொழி அது. அதனை வாசியாது மருந்திடுவோர் மிகப் பலர்.

எப்போதும் குற்றம் லினக்ஸின் பக்கத்தில் இருப்பதுமில்லை. 2024 ஆம் ஆண்டு யூலை 19 ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பித்தல் ஒன்று விண்டோஸ் கருனியினுள் இயங்கும் அதன் இயக்கியை வீழ்த்த, ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின. பல பொறிகளின் முன்னும் ஒருவர் நேரிற் சென்று ஒரேயொரு கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் 13 ஆம் நாள் மைக்ரோசொப்ட் வெளியிட்ட புதுப்பித்தல், விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே குடியிருந்த கணினிகள் சிலவற்றில், லினக்ஸின் பழைய ஏற்றியை நம்பத்தகாதது எனக் கூறி வாயிலிலேயே மறித்தது. அங்கே நிலைபொருளின் பாதுகாப்புத் தொடக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸை எழுப்பி, ஏற்றியைப் புதுப்பித்த பின் காவலை மீள இடுதல் வழி. ஆனால் விண்டோஸ் பகுதி பிற்லொக்கர் பூட்டினாற் பூட்டப்பட்டிருப்பின், காவலை நிறுத்துமுன் அதன் 48 இலக்க மீட்பு எண் கையில் உண்டா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றேல் ஒரு வாயிலைத் திறக்கப் போய் மறுவாயிலை அடைத்ததாக முடியும்.

பழைய கருனியும் எழவில்லை, கிரப்பும் தோன்றவில்லை எனின், எஞ்சியிருப்பது பென்ட்ரைவ். வேறொரு கணினியில், நிறுவாமலே ஓடும் உபுண்டுவை அதிற் பதித்து, அதிலிருந்து கணினியை எழுப்பலாம். அப்போது திரையில் இரு தெரிவுகள் வரும்: நிறுவுக, நிறுவாது முயன்று பார்க்க. இரண்டாவதையே தெரிவு செய்தல் வேண்டும். உள்ளே சென்றதும் பழைய தட்டு ஒரு கோப்புறையாகக் காட்சி தரும். ஏற்றியைச் சீர்செய்யும் ஆவலை அந்நேரத்திற்கு அடக்கி, உறுதிகளும் அத்தாட்சிகளும் படங்களும் உள்ள கோப்புறைகளை முதலில் இன்னொரு தட்டிற்குப் பிரதி செய்க. படி எடுக்கும்போதே தட்டிலிருந்து கிறீச்சிடும் ஒலி எழுந்தால், கருனிக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை, தட்டே தேய்ந்துவிட்டது. பிரதி முடிந்ததும் அதனை மாற்றிவிட வேண்டியதுதான். ஒலியின்றி முடிந்தால், கிரப்பை மீள நிறுவுதற்கு அரை மணி நேரம் போதும். பாதியில் நின்ற விண்ணப்பத்தை நிரப்பி, அன்றைக்கே செயலகத்திற் கொடுக்கலாம்.